டிரெய்லரைப் பூட்டுவதும் கழற்றுவதும்: பினாங்கு லோரி ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தைச் சுற்றியுள்ள யார்டுகளிலும் பிறை, மாக் மண்டின் தொழிற்பேட்டைகளிலும் பிரைம் மூவர் (டிரெய்லரை இழுக்கும் தலை வண்டி) ஓட்டும் நம்மவர்கள் ஏராளம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு டிரெய்லர் பூட்டவும் கழற்றவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. யார்டில் என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டியின் கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டைப் பின்பற்றுங்கள்.

உயரம், உயரம் என்று ஏன் இவ்வளவு சொல்கிறீர்கள்? பின்னால் எடுத்தால் தானாகவே பூட்டிக்கொள்ளாதா?

பூட்டிக்கொள்ளும், உயரம் சரியாக இருந்தால். டிரெய்லரின் முன்பக்க அடித்தகட்டிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு முளைதான் கிங்பின். தலைகீழாகப் பிடித்த கண்ணாடி பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: நடுவில் ஒடுங்கிய கழுத்து, அடியில் அகன்ற விளிம்பு. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான டிரெய்லர்களில் அந்தக் கழுத்தின் விட்டம் 50.8 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம். பிரைம் மூவரின் முதுகில் டிரெய்லரைத் தாங்கும் தட்டுதான் ஃபிப்த் வீல்; அதன் தாடைகள் அந்தக் கழுத்தைத்தான் கவ்வ வேண்டும்.

டிரெய்லர் உயரமாக நின்றால், தாடை மூடும் இடத்தில் கழுத்து இருக்காது. விளிம்பு மட்டும் அங்கே இருக்கும். தாடைகள் அந்த விளிம்பை அரைகுறையாகப் பிடிக்கலாம், அல்லது விளிம்புக்கு அடியில் காற்றைக் கவ்விக்கொண்டு மூடிவிடலாம். முளை தாடைகளின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடுவதும் உண்டு. இன்னும் உயரமாக இருந்தால் கிங்பின் ஃபிப்த் வீலைத் தாண்டிப்போய் கேபினின் முதுகில் இடிக்கும். கடைசியாகச் சொன்னது பார்ப்பதற்குத்தான் பயங்கரம். யார்டிலேயே நடந்து, யார்டிலேயே தெரிந்துவிடும். நான் அஞ்சுவது அரைகுறைப் பிடியைத்தான். அந்த வண்டி வாசலைத் தாண்டிவிடும், சமிக்ஞை விளக்கில் நின்று கிளம்பும், ஜூரு டோல் வரைகூடப் போய்ச் சேரும். ஒரு மேட்டிலோ வளைவிலோ டிரெய்லர் சற்றே எகிறும்போதுதான் கழன்றுவிடும்.

அப்படியானால் சரியான உயரம் எவ்வளவு?

ஃபிப்த் வீல் தட்டு மட்டமாக இருக்கும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு உயரமோ, டிரெய்லரின் அடித்தகடும் அதே உயரத்தில் இருக்கலாம், அல்லது அதைவிடத் தாழ்வாக இருக்கலாம். தாழ்வு 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உயரமாக மட்டும் இருக்கவே கூடாது. பிரைம் மூவர் பின்னால் வரும்போது டிரெய்லரின் மூக்கு ஃபிப்த் வீலின் பின்பக்கச் சரிவில் உரசி, கொஞ்சம் தூக்கப்பட வேண்டும். அந்தத் தூக்கல் இருந்தால் இரண்டு தகடும் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தும், முளையின் கழுத்து தாடைக்கு நேராக வந்து நிற்கும்.

டேப் வைத்து அளக்கச் சொல்லவில்லை. ஆனால் இருக்கையிலிருந்தே கண்ணாடியில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரெய்லருக்கு ஒரு முழத் தொலைவில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, இறங்கி, பக்கவாட்டில் நின்று, தட்டின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பாருங்கள். காலியான ஃபிப்த் வீல் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அந்தத் தாழ்ந்த விளிம்போடு ஒப்பிட்டால் டிரெய்லர் உண்மையில் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். ஒப்பிட வேண்டியது தட்டின் நடுப்பகுதியோடு.

தாழ்வாக இருந்தால் பரவாயில்லையா? எப்படியும் தூக்கிக்கொண்டுதானே போகும்?

கொஞ்சம் தாழ்வு தேவை. அளவுக்கு மீறினால் டிரெய்லரின் மூக்கு ஃபிப்த் வீல்மீது ஏறாமல் அதில் இடித்து நிற்கும், அல்லது பிரைம் மூவரின் அடிச்சட்டமான சேஸின் பின்பகுதியில் மோதும். மண்காப்பும் பின்விளக்கும் காற்றுக்குழாயும் முதலில் போகும். இடித்த வேகத்தில் டிரெய்லரே பின்னுக்கு நகர்ந்து, அதைத் தாங்கி நிற்கும் கால்கள் வளைந்துபோவதும் உண்டு. பழைய டிரெய்லர்களின் மூக்கு விளிம்பைக் குனிந்து பாருங்கள். உட்பக்கம் மடங்கி, பெயின்ட் உரிந்து, பளபளவென்று தேய்ந்த கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் யாரோ இறங்கிப் பார்க்காமல் பின்னால் எடுத்ததன் அடையாளம்.

நான் விட்டுப்போன டிரெய்லரையே மறுநாள் எடுக்க வருகிறேன். உயரம் எப்படி மாறியிருக்கும்?

இங்கேதான் நான் எல்லோரிடமும் வாதாடுகிறேன். பூட்டும்போது வரும் உயரக் கோளாறுகளில் பெரும்பாலானவை முந்தைய ஓட்டுநர் கழற்றியபோதே பிறந்தவை. விட்டவர் எந்த உயரத்தில் காலை ஊன்றினாரோ அந்த உயரம்தான் எடுக்கிறவருக்குக் கிடைக்கும்.

நம் யார்டுகளில் எல்லா வகைப் பிரைம் மூவர்களும் ஓடுகின்றன. பட்டை ஸ்பிரிங் வைத்த ஜப்பானிய 6x4 வண்டி (ஆறு சக்கர முனைகளில் நான்கை எஞ்சின் சுழற்றும்) பொதுவாக உயரமாக நிற்கும். காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள ஐரோப்பிய 4x2 தாழ்வாக நிற்கும். உயரமான வண்டிக்காரர் காலியான டிரெய்லரை விட்டு, அடுத்து வருகிறவருக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று கால்களை ஏற்றி இறக்கும் கைப்பிடியை இன்னும் நாலு சுற்று சுற்றி உயர்த்திவிட்டுப் போவார். பின்னாலேயே தாழ்வான வண்டிக்காரர் வருவார். அவருக்கு அந்த டிரெய்லர் எமன்.

ஒரே வண்டியாக இருந்தாலும் உயரம் மாறும். சுமையோடு இருக்கும்போது ஸ்பிரிங் அழுந்தி ஃபிப்த் வீல் தாழ்ந்திருக்கும். டிரெய்லரை விட்டுவிட்டு வெளியே வந்ததும் ஸ்பிரிங் நிமிர்ந்து ஃபிப்த் வீல் மேலேறிவிடும். நின்ற இடத்தில் ஒரு கால் மண்ணில் புதைந்திருக்கலாம். இடையில் வேறொருவர் அந்த டிரெய்லரை எடுத்து ஒரு நடை போய்வந்து, அதே இடத்தில் வேறு உயரத்தில் விட்டிருக்கலாம். டிரெய்லரின் எண்ணைப் பார்த்து உயரத்தை நினைவிலிருந்து எடுக்காதீர்கள்.

பூட்டும் வரிசையை ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

முதலில் டிரெய்லரைப் பார்க்க வேண்டும், பிரைம் மூவரை அல்ல. அதன் பார்க்கிங் பிரேக் போட்டிருக்கிறதா? பெரும்பாலான டிரெய்லர்களில் பக்கவாட்டில் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். அதை வெளியே இழுத்திருந்தால் பிரேக் விழுந்திருக்கிறது என்று பொருள். கறுப்புக் குமிழ் டிரெய்லரை நகர்த்துவதற்கானது, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பிரேக் எப்படி இருந்தாலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கால்கள் இரண்டும் நேராக நிற்கின்றனவா, கிங்பின் வளையாமல் இருக்கிறதா, சட்டங்கள் துருப்பிடித்து ஓட்டையாகவில்லையா, சரக்கு ஒரு பக்கமாகச் சாயவில்லையா என்று ஒரு சுற்று வாருங்கள்.

அடுத்து ஃபிப்த் வீல். தாடைகள் திறந்திருக்க வேண்டும், கிரீஸ் இருக்க வேண்டும், தட்டு பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். கல்லோ கம்பியோ உள்ளே கிடக்கக் கூடாது. காற்றுக்குழாய்களை ஒதுக்கிக் கட்டிவையுங்கள். தொங்கிக்கொண்டிருந்தால் நசுங்கும்.

பிறகு நேராக வாருங்கள். இடம் போதாத யார்டில் கோணலாகப் பின்னால் எடுத்து, கடைசி நேரத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துச் சரிசெய்யும் சாமர்த்தியம் பலருக்கு உண்டு. ஆனால் கோணலாகத் தள்ளும்போது டிரெய்லர் பக்கவாட்டில் நகரும். கால்கள் பக்கவாட்டு விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அருகில் வந்து நிறுத்துங்கள், இறங்குங்கள், உயரத்தைப் பாருங்கள், தேவையானால் கைப்பிடியால் ஏற்றி இறக்குங்கள். மறுபடி ஏறி, ஆகக் குறைந்த கியரில், எஞ்சின் முனகும் அளவு மெதுவாகப் பின்னால் எடுங்கள். பூட்டு விழும் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள்.

டிரெய்லரின் பிரேக் இன்னும் பிடித்திருக்கும்போதே, குறைந்த கியரில் மெல்ல முன்னால் இழுத்துப் பாருங்கள். இரண்டு முறை. பிறகு கைபிரேக், எஞ்சினை நிறுத்தல், சாவி சட்டைப் பைக்குள். இறங்கிக் குனிந்து பூட்டைக் கண்ணால் பார்த்த பிறகே காற்றுக்குழாய்களும் 24 வோல்ட் மின்கம்பியும் ஏபிஎஸ் கம்பியும். கால்களை முழுவதும் ஏற்றி, கைப்பிடியை அதன் கொக்கியில் மாட்டுங்கள். கைப்பிடி ஆடிக்கொண்டே போனால் ஒரு மோட்டார்சைக்கிள்காரரின் முழங்காலைத் தட்டிவிடும். விளக்குகள், டயர்கள், பதிவு எண், கண்டெய்னரின் நான்கு மூலையிலும் அதை டிரெய்லரோடு பிணைக்கும் டுவிஸ்ட் லாக் எல்லாவற்றையும் பாருங்கள். கட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, கடைசியாக டிரெய்லரின் பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள்.

'டக்' என்று சத்தம் கேட்டது, இழுத்தும் பார்த்தேன், வண்டி அசையவில்லை. அப்புறமும் இறங்கிக் குனிய வேண்டுமா?

வேண்டும். தாடை காற்றைக் கவ்வினாலும் அதே 'டக்' சத்தம்தான். அரைகுறையாக மாட்டிய முளைகூட யார்டில் மெல்ல இழுக்கும் இழுப்பைத் தாங்கிவிடும். இழுத்துப் பார்ப்பது தேவையான சோதனை, ஆனால் அது மட்டும் போதாது.

டார்ச் விளக்கோடு குனியுங்கள், பகலாக இருந்தாலும். முதலில் பக்கவாட்டிலிருந்து: டிரெய்லரின் அடித்தகட்டுக்கும் ஃபிப்த் வீல் தட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா? மறுபக்கத்து வானம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் ஏதோ தவறு. தகடுகள் அழுந்தியிருந்தால் கிரீஸ் பிதுங்கி விளிம்பில் புதிதாக ஒரு பட்டை விழுந்திருக்கும், அதைப் பார்த்தாலே தைரியம் வரும். பிறகு பின்பக்கத்திலிருந்து விளக்கைத் தாடைக்குள் அடியுங்கள். தாடைகள் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். கடைசியாகப் பூட்டுக் கைப்பிடி: முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும், பாதுகாப்புக் கொக்கி அதன் இடத்தில் விழுந்திருக்க வேண்டும். கைப்பிடி இரண்டு விரல்கடை வெளியே நிற்கிறது என்றால் பூட்டு பாதியில் நிற்கிறது. சுத்தியலால் தட்டி உள்ளே தள்ளாதீர்கள். கழற்றி, உயரத்தைத் திருத்தி, மறுபடி பூட்டுங்கள்.

பூட்டு முழுவதும் விழுந்ததைக் காட்ட ஒரு பச்சை விளக்கு எங்கள் வண்டியில் எரிகிறது. அது போதாதா?

சென்சார் நல்ல உதவி. சேறும் உப்புக்காற்றும் படும் இடத்தில் இருக்கும் மின்கருவி அது என்பதையும் நினைவில் வையுங்கள். பச்சை எரிந்தாலும் இறங்கிப் பாருங்கள். எரியாவிட்டால் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

சிவப்புக் குழாயைப் பிடுங்கினாலே டிரெய்லர் பிரேக் பிடித்துக்கொள்கிறதே. தனியாகப் பார்க்கிங் பிரேக் எதற்கு?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நேரம் எடுத்துப் பதில் சொல்வேன், ஏனென்றால் யார்டுகளில் ஆள் நசுங்குவது இங்கேதான்.

சிவப்புக் குழாய் டிரெய்லருக்குக் காற்று ஊட்டும் குழாய். மஞ்சள் குழாய் நீங்கள் மிதிக்கும் பிரேக்கின் உத்தரவைக் கொண்டுபோவது (சில பழைய வண்டிகளில் இது நீலமாக இருக்கும்). சிவப்பில் காற்று போனதும் டிரெய்லர் தன் தொட்டியில் இருக்கும் காற்றால் அவசர பிரேக்கைப் பிடிக்கிறது. அந்தத் தொட்டியில் கசிவு இருந்தால் காற்று மெல்ல மெல்ல இறங்கும், ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாமலே ஸ்பிரிங்கால் பிடிப்பது) இல்லாத பழைய டிரெய்லரில் பிடியும் அதோடு தளரும். மாலையில் நின்ற டிரெய்லர் காலையில் நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

இதைவிட மோசமானது மறுபக்கம். குழாயைப் பிடுங்கிய பிரேக்கை மட்டும் நம்பி, பார்க்கிங் பிரேக் போடாமல் ஒருவர் டிரெய்லரை விட்டுப்போகிறார். அடுத்தவர் வந்து பூட்டுகிறார், அவசரத்தில் தன் கைபிரேக்கை மறக்கிறார். கேபினுக்குப் பின்னால் ஏறி நின்று சிவப்புக் குழாயை மாட்டுகிறார். காற்று உள்ளே பாய்ந்ததும் டிரெய்லரின் பிரேக் விடுபடுகிறது. தரை லேசாகச் சரிந்திருந்தால் போதும், இரண்டும் சேர்ந்து உருளத் தொடங்கும், கேபினில் ஆள் இல்லை. உருளும் வண்டியின் முன்னால் ஓடியோ கதவில் தொற்றியோ அதை நிறுத்தப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் உயிரை விட்டிருக்கிறார்கள். அப்படி உருளத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். இரும்பை முதலாளி மறுபடி வாங்கிக்கொள்வார்.

ஆகவே எப்போதும் மூன்றும் வேண்டும்: பிரைம் மூவரின் கைபிரேக், டிரெய்லரின் சிவப்புக் குமிழ், சக்கரத்துக்குக் கட்டை. கேபினை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் கைபிரேக்.

கழற்றும்போது என்ன வரிசை?

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. மட்டமான, கெட்டியான தரை. பிரைம் மூவரும் டிரெய்லரும் ஒரே நேர்க்கோட்டில். கைபிரேக், சிவப்புக் குமிழ், கட்டைகள்.

கால்களை வேக கியரில் இறக்குங்கள். தரையைத் தொட்டதும் பளு கியருக்கு மாற்றி இன்னும் சில சுற்று சுற்றுங்கள், கால்கள் கொஞ்சம் எடையை ஏற்றுக்கொள்ளும் வரை. டிரெய்லரை ஃபிப்த் வீலிலிருந்து தூக்கிவிடும் அளவுக்குச் சுற்றாதீர்கள். அதுதான் நான் மேலே சொன்ன எமனைப் பிறப்பிக்கும் நாலு சுற்று. மின்கம்பிகளையும் காற்றுக்குழாய்களையும் கழற்றி, அவற்றுக்கென்று இருக்கும் மூடிகளில் மாட்டிவையுங்கள். பிறகு பாதுகாப்புக் கொக்கியை எடுத்துப் பூட்டுக் கைப்பிடியை இழுங்கள். குழாய்களைக் கழற்ற மறந்து வண்டியை முன்னால் எடுத்தால் சுருள் குழாய் நீண்டு அறுந்து சாட்டையாகத் திரும்பி வரும்.

வண்டியை முன்னால் எடுக்கும்போது, தாடை விடுபட்டு ஒரு அடி நகர்ந்ததும் நிறுத்துங்கள். ஃபிப்த் வீல் இன்னும் டிரெய்லரின் அடியில் இருக்கும். இறங்கிக் கால்களைப் பாருங்கள். புதைகிறதா, வளைகிறதா? ஏதாவது ஆனால் டிரெய்லர் உங்கள் சேஸ்மீது விழும், தரையில் விழாது. எல்லாம் சரியென்றால் முழுவதும் வெளியே வாருங்கள். இந்த ஒரு அடியில் நிற்பதைத்தான் அனுபவசாலிகள் முதலில் கைவிடுகிறார்கள்.

தார்த்தரையில் விட்டால் கால் புதைகிறது. என்ன செய்வது?

நம் ஊர் வெயிலில் நண்பகலில் தார் இளகிவிடும். கடலோரத்தில் மண் கொட்டி மேடாக்கிய யார்டுகளில் அடியில் இருப்பதும் கெட்டித்தரை அல்ல. கால்களின் அடித்தட்டு சிறியது, அதன்மேல் பல டன் எடை இறங்குகிறது. கனமான பலகையோ இரும்புத் தகடோ வையுங்கள், இரண்டு காலுக்கும் ஒரே கனத்தில். உடைந்த செங்கலும் கழித்துப்போட்ட பேலட் துண்டும் வேண்டாம், அவை பிளந்துவிடும். ஒரு கால் மட்டும் புதைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் சாயும், உயரமான கண்டெய்னர் ஏற்றியிருந்தால் கவிழும். மழைக்காலத்தில், அக்டோபர் வாக்கில், முந்தைய நாள் கெட்டியாக இருந்த மண் தரையை நம்பாதீர்கள்.

20 அடி கண்டெய்னரை 40 அடி டிரெய்லரில் ஏற்றியிருக்கிறோம். கழற்றலாமா?

கண்டெய்னர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடைசியில், அச்சுகளுக்கும் பின்னால் தள்ளி வைத்திருந்தால் முன்பக்கம் லேசாக இருக்கும். பிரைம் மூவர் விலகியதும் மூக்கு மேலே எழும்பும். அப்படி எழும்பிய டிரெய்லர் பூட்டுவதற்கும் உயரமாகிவிடுகிறது, ஆகவே ஆபத்து இரண்டு பக்கமும். கண்டெய்னர் முன்னால் இருந்தால் எடை முழுவதும் கால்களின் மேல் விழும். நிரம்பிய கண்டெய்னரின் மொத்த எடை 30 டன்னைத் தொடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இதற்கு உறவான இன்னொன்று தொழிற்சாலைகளின் சரக்கு ஏற்றி இறக்கும் மேடைகளில் நடக்கிறது. கழற்றி நிறுத்திய டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறி, சரக்கோடு முன்சுவர் வரை போகிறது. கால்களுக்கும் முன்னால் எடை போனதும் டிரெய்லர் மூக்குக் குப்புற விழுகிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கண்டெய்னரை விட்டுவிட்டு வருகிறவர்கள், உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஏறும் என்று தெரிந்தால் மூக்கின் அடியில் தாங்குச்சட்டம் வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பிரைம் மூவரைக் கழற்றாமல் காத்திருங்கள்.

பூட்டுக் கைப்பிடி இறுகிக்கொண்டு வர மறுக்கிறது.

முளை தாடையை இழுத்துப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வண்டியில் ஏறி, விரல் அளவு பின்னால் எடுத்து, கைபிரேக் போட்டு, மறுபடி இழுங்கள். நீண்ட கொக்கிக் கம்பி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கையை உள்ளே விட்டு முழு உடலால் இழுக்கும்போது சட்டென்று விடுபட்டால் தோள்பட்டை போகும்.

காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் கால்களைச் சுற்றவே தேவையில்லை என்கிறார்களே?

வேலை குறையும் என்பது உண்மை. பின்பக்கத்தைத் தாழ்த்திக்கொண்டு டிரெய்லரின் அடியில் நுழையலாம், கிங்பின்னுக்குச் சற்று முன்னால் நிறுத்தி, தட்டு டிரெய்லரைத் தொட்டு லேசாகத் தூக்கும் வரை உயர்த்தலாம், அப்படியே பின்னால் எடுத்துப் பூட்டலாம். தட்டு தொட்டுவிட்டதைக் கண்ணால் பார்க்க வேண்டும், திரையில் வரும் எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது. பூட்டிய பிறகு சஸ்பென்ஷனை ஓட்டும் உயரத்துக்குத் திருப்புங்கள். உயர்த்திய நிலையிலேயே கிளம்பினால் 2.9 மீட்டர் உயரக் கண்டெய்னர் இன்னும் மேலே போகிறது, தாழ்வான மேம்பாலங்களுக்கு அது பிடிக்காது.

கழற்றும்போது, கால்கள் எடையை வாங்கிக்கொள்ளும் வரை காற்றை இறக்கிவிட்டு வெளியே வாருங்கள். காற்றை இறக்காமல் வந்தால், எடை விலகிய கணத்தில் சேஸ் மேலே துள்ளி டிரெய்லரின் மூக்கில் இடிக்கும்.

கிரீஸ் எவ்வளவு பூசலாம்? எப்போது உதிரி மாற்ற வேண்டும்?

காய்ந்த தட்டில் ஓட்டினால் ஸ்டியரிங் கனக்கும், வளைவில் கிறீச்சிடும், ஈரத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆனால் பழையதன் மேல் புதியதை அப்புவதில் பயனில்லை. பழைய கிரீஸில் மணலும் இரும்புத்தூளும் கலந்திருக்கும், அது தேய்க்கும் பசைதான். வழித்தெடுத்துத் துடைத்துவிட்டுப் பூசுங்கள். துடைத்தால்தான் விரிசலும் தெரியும். பிளாஸ்டிக் தேய்தகடு வைத்த ஃபிப்த் வீலில் தட்டுக்குக் கிரீஸ் தேவைப்படாமல் இருக்கலாம், ஆனால் பூட்டுப் பகுதிக்குப் பெரும்பாலும் வேண்டும்.

50.8 மில்லிமீட்டர் கழுத்து 49 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் கிங்பின்னை மாற்ற வேண்டும் என்பதே பொதுவான வரம்பு. அளக்க அதற்கென்று ஒரு அளவுத் தகடு இருக்கிறது, பட்டறையில் கேளுங்கள். பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் முதுகில் குத்துவதுபோல் ஒரு தட்டு கேட்டால், தேய்மானமோ தளர்ந்த பூட்டோ காரணமாக இருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனைக்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கெலிண்டானை (லோரி உதவியாளரை) டிரெய்லர் பூட்டச் சொல்லலாமா?

கட்டை வைப்பதும் விளக்கு பிடிப்பதும் அவர் செய்யட்டும், வண்டி நகரும்போது டிரெய்லருக்கும் பிரைம் மூவருக்கும் இடையில் மட்டும் அவர் நிற்கக் கூடாது. கண்ணில் படாவிட்டால் வண்டியை நிறுத்துங்கள். பூட்டைச் சரிபார்ப்பது இ வகுப்பு (கனரக வாகன) உரிமமும் ஜிடிஎல்லும் (சரக்கு வாகன ஓட்டுநர் உரிமம்) வைத்திருக்கும் உங்கள் வேலை. சாலையில் டிரெய்லர் கழன்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அதிகாரி கேட்கப்போவதும் உங்களைத்தான்.

இதையெல்லாம் செய்தால் நேரமாகிறது, தவுக்கே (முதலாளி) திட்டுகிறார்.

பழகிய கைக்கு இறங்கிப் பார்ப்பதற்குச் சில நிமிடங்கள்தான். கேட் வரிசையில் அதைவிட அதிகம் காத்திருக்கிறோம்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வேலையிடத்தைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்துகிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின் 26ஏ பிரிவு இன்னும் தெளிவு: உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு தொழிலாளிக்கும் கடமை விதிக்கிறது, தன்னையும் பிறரையும் பாதிக்காமல் கவனமாக வேலை செய்ய வேண்டும் என்று. "இறங்கிப் பார்க்க நேரமில்லை" என்பது அந்த இடத்தில் செல்லுபடியாகாது. தவுக்கேயிடம் சண்டையாகப் பேச வேண்டாம். டிரெய்லர் எண்ணையும் கோளாற்றையும் சொல்லிப் பேசினால் பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள்.

கோளாறான டிரெய்லரைக் கண்டால் எழுதி வைக்க வேண்டியது என்ன?

டிரெய்லரின் பதிவு எண், நின்ற இடம், தேதி, நேரம், பார்த்தது. "கால் சரியில்லை" என்று எழுதாதீர்கள், யாருக்கும் விளங்காது. "இடது கால் பளு கியரில் சுற்றவில்லை, வலது காலைவிட நாலு விரல்கடை குட்டை" என்று எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து யார்டுப் பொறுப்பாளருக்கு அனுப்பிவிட்டு, கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி விடுங்கள். இரவு நேர ஓட்டுநர் உங்கள் செய்தியைப் படித்திருக்க மாட்டார், துணி அவர் கையில் தட்டுப்படும்.